கடலில்லாத ஊரில் சுறா

ஆகஸ்ட் 20, புதன்

காலையில் ஈரோட்டு ஆஸ்பத்திரியில் கரு வைத்துவிட்டார்கள். பத்து நிமிஷ வேலை. இதற்காக இரண்டு மாதம் வயிற்றிலும் இடுப்பிலும் ஊசி. "செப்டம்பர் மூணாந்தேதி ரத்தம் எடுத்துப் பாத்துருவோம். அதுவரைக்கும் சாதாரணமா இருங்க, டென்ஷன் மட்டும் வேண்டாம்" என்றார் டாக்டரம்மா. டென்ஷன் வேண்டாம் என்று யாராவது சொன்னாலே எனக்கு டென்ஷன் வந்துவிடும்.

இது மூன்றாவது முறை. இன்னும் இரண்டு கரு அங்கே குளிர்பெட்டியில் உறைந்து கிடக்கிறது. கிடக்கட்டும். இதுதான் கடைசி என்று இவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். முப்பத்தெட்டு வயதில் ஒருத்தி எத்தனை தடவைதான் ஒரே பரீட்சையை எழுதுவாள்?

இவர் என்றால் என் கணவர் லோகநாதன். எங்கள் ஊர் கோபியில் எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறேன். பள்ளியில் எனக்கு மஞ்சள்காமாலை என்று சொல்லி லீவு வாங்கியாயிற்று. ஐயோ பாவம் என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

சாயங்காலம் ஊரிலிருந்து இவருடைய அம்மா வந்து இறங்கினார். அத்தை வந்ததும் காபிகூடக் குடிக்காமல், படுக்கையறைச் சுவரில் கொழுகொழுவென்று ஒரு குழந்தைப் படத்தை ஒட்டினார்.

"எந்நேரமும் இதையே பாத்துட்டிருக்கோணும் கண்ணு. நாம பாக்கறதுதான் வவுத்துக்குள்ள போவும். நல்லதையே பாக்கோணும், நல்லதையே கேக்கோணும்."

"செரிங்க அத்தை" என்றேன். குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. வெள்ளைக்காரக் குழந்தை. நானும் இவரும் இருக்கிற நிறத்துக்கு அது எப்படி வரும் என்று அத்தைதான் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 21, வியாழன்

படுத்தே கிடந்தேன். நடக்கலாம் என்று டாக்டர் சொன்னதை அத்தை ஏற்கவில்லை. காலையிலிருந்து ஸ்லோகம், பிறகு கவசம், மறுபடி ஸ்லோகம். டிவி போட்டால் முதல் சீரியலில் நாயகி மாசமாக இருக்கிறாள், வில்லி மாடிப்படியில் எண்ணெய் ஊற்றுகிறாள். இரண்டாவது சீரியலில் வளைகாப்பு. விளம்பரத்தில் குழந்தை சோப்பு. பாட்டுப் போட்டியில் ஐந்து வயதுக் குழந்தை பாடுகிறது, நடுவர் அழுகிறார். டிவியை அணைத்துவிட்டு விட்டத்தைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

அட, இன்றைக்கு என்ன ஒரு படம்!

மதியம் அத்தை ஹாலில் தூங்கப் போனதும், இவர் சாப்பாட்டுத் தட்டோடு என் அறைக்கு வந்து லேப்டாப்பில் எதையோ தேடினார். கை தவறி ஒன்று ஓட ஆரம்பித்தது. தமிழில் டப்பிங் செய்த இங்கிலீஷ் படம். ஒரு கண்ணில் டார்ச் லைட் எரியும் சுறா! ராணுவம் ரகசியமாக வளர்த்ததாம், எதற்கு என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. கடல் ஒரு காட்சியில் நீலம், அடுத்ததில் பச்சை. சுறாவுக்குக் குரல்வளை கிடையாது என்று எனக்குத் தெரியும். இந்தச் சுறா மழைநாளில் ஸ்டார்ட் ஆகாத ஜீப்பைப் போல உறுமுகிறது.

நான் லாஜிக் பார்க்கிறவள். தியேட்டரில் பக்கத்து சீட்டில் இருப்பவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு முணுமுணுப்பவள். அப்படிப்பட்ட நான் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "எறங்காதடி, எறங்காதடி" என்று இவர் பதற, படத்தில் அந்தப் பெண் கடலில் இறங்கியேவிட்டாள். கடக். ரோஸ்மில்க் நிறத்தில் ரத்தம். இவர் தட்டில் ரசஞ்சாதம் அப்படியே காய்ந்துபோயிற்று.

மொத்தம் பதினொரு பேர் செத்தார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்! சொன்னால் வெட்கக்கேடு.

"அதென்றா சத்தம், உறுமுது?" என்று ஹாலிலிருந்து அத்தை கேட்டார்.

"மீன் வளர்ப்புங்கம்மா. கம்ப்யூட்டர்ல சொல்லித் தர்றாங்க" என்றார் இவர்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அத்தை தூங்கினாலும் அவருடைய காது தூங்காது. அதனால் இன்றைக்குச் சத்தத்தை முழுசாக அடைத்துவிட்டுப் பார்த்தோம். சத்தம் இல்லையென்றால் கதை எப்படிப் புரியும் என்றேன். இதில் புரிவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு, இவரே கிசுகிசுவென்று டப்பிங் பேச ஆரம்பித்தார். பன்னிரண்டு வருஷம் குடித்தனம் செய்திருக்கிறேன், இந்த மனுஷனிடம் இப்படி ஒரு வித்தை இருப்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

தனியாக நீந்தும் ஒருவனிடம் சுறா வருகிறது. இவர் குரலைத் தாழ்த்தி, "ஏனுங்க தம்பி, சாப்டாச்சுங்களா?"

அவன் வாயைத் திறக்கிறான். "இல்லீங்களே."

"எனக்கும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு ஒரே கடி.

அடுத்தவன் ஒரு கையில்லாமல் கத்துகிறான். "ஏனுங்க, கேட்டுப்போட்டுக் கடிக்கக் கூடாதுங்களா?" சுறா திரும்பி வந்து பணிவாக, "தப்பாப் போச்சுங்க. அந்தக் கையையாவது கேட்டுட்டுக் கடிச்சுக்கறேனுங்க."

தலையணையை வாயில் திணித்துக்கொண்டேன். வயிறு குலுங்கக் கூடாது என்று இரண்டு கையாலும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, துளித் துளியாகச் சிரித்தேன். சிரித்தால் கரு விழுந்துவிடாது. அறிவியல் படித்தவள் எனக்குத் தெரியாதா? இருந்தாலும் கை தானாகப் போய்விடுகிறது.

சுவரில் இருக்கும் குழந்தையைத் திருப்பி வைக்கலாமா, அதுவும் பார்க்கிறதே என்று இவர் கேட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 25, திங்கள்

தமிழ் டீச்சர் அமுதவல்லி ஒரு கட்டுக் கீழாநெல்லியோடு வந்துவிட்டார். மஞ்சள்காமாலைக்கு அதுதானே மருந்து. என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்து, "கண்ணு வெள்ளை வெளேர்னு இருக்குதே?" என்றார். நேற்றுத்தான் இறங்கியது என்று சொன்னேன். அரைத்து மோரில் கலந்து கொடுக்கச் சொல்லி அத்தையிடமும் விளக்கினார். அத்தை பொய்யைக் காப்பாற்றப் பெரிதாகத் தலையாட்டிவிட்டு, அவர் போனதும் அந்தக் கட்டை அப்படியே பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டார். துவைத்த துணி மடித்தேன். இரண்டு மணிக்குப் படம்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. எள்ளுக் கொழுக்கட்டை ஆறு தின்றேன். நடுத்தெருப் பிள்ளையாருக்கு அத்தை ஏதோ வேண்டிக்கொண்டார். என்ன என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இன்றைக்கு இதுவரை வந்ததிலேயே மோசமான படம், அதாவது அருமையான படம்! பெரிய ஓட்டல். பத்தாவது மாடியில் நீச்சல் தொட்டி. அங்கே போகச் சுறா லிஃப்டில் ஏறுகிறது. லிஃப்டில் ஏற்கெனவே இரண்டு பேர் நிற்கிறார்கள். கதவு திறக்கும்போது சுறா மட்டும் இருக்கிறது. இவர் "பத்தாவது மாடிங்களா, நானும் அங்கதானுங்க" என்றார். என்னால் முடியவில்லை.

கோபியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலுக்கு ஐந்து மணி நேரமாவது ஆகும். ஆயுசில் நான் கடல் பார்த்ததே இரண்டு தடவைதான். பிறகு எனக்கு ஏன் இந்தச் சுறாப் பைத்தியம் என்று கீரை ஆய்ந்துகொண்டே யோசித்தேன். ஒன்று, இந்தப் படங்களில் யாருக்கும் மாமியார் கிடையாது, விசேஷம் உண்டா என்று கேட்கும் சித்தி கிடையாது, வளைகாப்பு கிடையாது. இரண்டாவது, ஆபத்து வரும்போது தண்ணீருக்கு மேல் முக்கோணமாகச் சுறாவின் முதுகுத் துடுப்பு தெரிகிறது. இதோ வருகிறது, ஓடு என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அந்த மரியாதை எனக்குப் பிடித்திருக்கிறது. மற்றபடி நான் பயந்துபோயெல்லாம் இல்லை. நன்றாகவே இருக்கிறேன்.

ஆகஸ்ட் 30, சனி

குக்கருக்குப் புது கேஸ்கட் வாங்க வேண்டும். கறிவேப்பிலை தீர்ந்துவிட்டது.

சாயங்காலம் பாத்ரூமில் ஒரு சொட்டு. பழுப்பு நிறம். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார் இவர். சிலருக்கு இப்படி இருக்கும், நல்லதாகவும் இருக்கலாம், ஊசியை நிறுத்த வேண்டாம் என்றார்.

இரண்டு மணிப் படத்தில் நான் தலையணை வைக்க மறந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

ஒரு சம்பந்தமும் இல்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இரண்டு மணிக்கு லேப்டாப்போடு வந்த இவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். தலைவலி என்றேன். காலையிலிருந்து ஸ்லோகம் ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் இருந்த குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு இதெல்லாம் நம்பிக்கை இல்லை, ஆனால் பார்த்தேன்.

மூன்று மணி வாக்கில் அத்தை மோர் கொண்டுவந்தார். டம்ளரை வைத்துவிட்டுப் போகாமல் கட்டிலில் உட்கார்ந்தார்.

"என்ன சாமி, நேத்து ராத்திரியில இருந்து மூஞ்சியே செரியில்ல?"

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, கொட்டிவிட்டேன். "அத்தை, அது மீன் வளர்ப்பு இல்லீங்க. சுறா மீன் ஆளுகளைத் திங்கற படமுங்க. நீங்க தூங்குனதுக்கப்புறம் தெனமும் பாத்தேன். நல்லதையே பாக்கோணும்னு நீங்க அத்தனை தூரம் சொல்லியும் பாத்தேன். நேத்து சத்தமாச் சிரிச்சுப்போட்டேன். சாயந்தரம் பட்டுருச்சு. என்னாலதானுங்க அத்தை..."

அழுதேன். டீச்சராவது ஒன்றாவது, மூக்கு ஒழுக அழுதேன்.

அத்தை என்னை அணைக்கவில்லை, தலையைத் தடவவில்லை. எழுந்து போய் ஸ்லோகத்தை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"லோகுக்கு முன்னால எனக்கு ரெண்டு வாட்டி தங்குச்சு. உனக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. ரெண்டு வாட்டியும் எங்க மாமியா சொன்னதெல்லாம் பண்ணுனேன். நல்லதைத்தான் பாத்தேன், நல்லதைத்தான் கேட்டேன். அமாவாசைக்கு வாசப்படி தாண்டலை. ரெண்டும் மூணாம் மாசத்துல போயிருச்சு."

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தேன்.

"மூணாவதா இவன் வந்தப்ப எனக்கு வெறுத்துப்போச்சு. எப்பிடியோ போகட்டுன்னு விட்டுப்போட்டேன். ஊருக்குள்ள டெண்டுக் கொட்டாயி போட்டிருந்தான். உன்ற மாமனாரு சைக்கிள்ல உக்காந்து போயி ஒரே பேய்ப் படத்தை மூணு வாட்டி பாத்தேன். அந்தப் பேயி என்னென்ன பண்ணுச்சுங்கற? ஆளு கொடலை உருவி மாலையாப் போட்டுச்சு. பேயாவா பொறந்தான் இவன்? மோட்டாரு கடைதான வெச்சிருக்கறான்?"

அழுகைக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்பறம் ஏனுங்க அத்தை என்னை மட்டும் நல்லதையே பாக்கச் சொன்னீங்க?"

அத்தை மோர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "வேறென்ன பண்றதுன்னு தெரியலை கண்ணு. சும்மா கையைக் கட்டிட்டு நிக்க முடியுமா?" என்றார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "செரி, கூப்புடு அவனை. அந்த மீனு என்னத்தப் பண்ணுதுன்னு நானும் பாக்கறேன்" என்றார்.

செப்டம்பர் 1, திங்கள்

எங்கள் சங்கத்தில் இப்போது மூன்று பேர்! இவர் கடைக்கு மத்தியானப் பூட்டே போட்டுவிட்டார்.

அத்தை மாதிரி ஒரு ரசிகரை நான் பார்த்ததில்லை. "இந்தப் புள்ளைகளுக்கெல்லாம் ஊட்ல பெரியவங்களே இல்லியா?" என்கிறார். "ஒருத்தியத் தின்னுபோட்ட எடத்துலயே மறுக்கா எறங்கறாளே, கெரகம் புடிச்சவ!" என்று கட்டிலைக் குத்துகிறார். கடற்கரையை மூட மறுக்கும் மேயரைப் பார்த்த உடனே, இவன் சாக வேண்டும் என்று தீர்ப்பு எழுதிவிட்டார். அவன் காலைச் சுறா கவ்வியதும் கைதட்டினார்.

பாதியில் ஒன்று நடந்தது. படகு உடைந்து ஆறு பேர் ஒரு பலகையில் மிதக்கிறார்கள். அதில் ஒருத்தி எழுந்து நிற்கிறாள், நிறைமாதம்.

இவர் சட்டென்று நிறுத்தக் கையை நீட்டினார். அத்தை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். இவர் டப்பிங் பேசுவதையும் விட்டுவிட்டார். துடுப்பு பலகையைச் சுற்றிச் சுற்றி வருகிறது. மற்ற ஐந்து பேரும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அவள் மட்டும் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சுறா வாயைப் பிளந்துகொண்டு மேலே எழும்பியது. நான் இவர் முழங்கையைக் கிள்ளிவிட்டேன், நகம் பதிந்துவிட்டது. அவள் இரும்பு நங்கூரத்தைத் தூக்கினாள் பாருங்கள்! நிறைமாதக்காரி அதை எப்படித் தூக்குவாள் என்று கேட்கக் கூடாது. தூக்கி அதன் வாய்க்குள்ளேயே விட்டெறிந்தாள். சுறா கல்லைக் கட்டிப் போட்டது போல முழுகிப்போயிற்று.

"அப்பிடிப் போடு!" என்று அத்தை கத்தியது தெருமுனைக்குக் கேட்டிருக்கும். இவர் குதித்ததில் கட்டில் சட்டம் ஒன்று கழன்றுவிட்டது. நானும் கத்தினேன்.

சகுனம் பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை. அந்தக் காட்சியை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னேன், நங்கூரம் தூக்குவதைச் சரியாகப் பார்க்கவில்லை என்பதால்.

செப்டம்பர் 2, செவ்வாய்

நாளைக்கு. பரணைச் சுத்தம் செய்தேன்.

செப்டம்பர் 3, புதன்

இல்லை.

காலையில் ஈரோடு போய் ரத்தம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். மதியம் நர்ஸ் போன் செய்தாள். "நெகட்டிவ்ங்க மேடம். ஊசி நிறுத்திக்கலாமுங்க." நான் தேங்க்ஸ் என்றேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை.

எனக்கு வலிக்கிறது. இந்தத் தடவை வந்துவிடும் என்று நம்பியிருந்தேன். நம்பவே இல்லை என்பது போல இத்தனை நாள் எழுதிக்கொண்டிருந்தேன், பொய். பேர்கூட யோசித்து வைத்திருந்தேன்.

சோறு வடித்தது வடித்தபடி இருந்தது. இவர் கடைக்குப் போகாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. இரண்டு மணி ஆயிற்று.

"ஏனுங்க, படம் போடுங்க" என்றேன்.

எழவு வீட்டில் பாயசம் கேட்டவளைப் பார்ப்பது போல இவர் பார்த்தார்.

"கேக்கறாளல்ல, போட்றா" என்றார் அத்தை, சமையலறை வாசலில் நின்றுகொண்டு. "ஹால்ல பெரிய டிவில போடு. சத்தம் வெச்சே போடு. இனி ஆருக்குப் பயந்துக்கறது?"

மூன்று பேருமாக முதல் தடவையாகச் சத்தத்தோடு பார்த்தோம். நன்றாகவே இல்லை. யாரோ மெட்ராஸ்காரர்கள் படபடவென்று பேசினார்கள். அடைத்துவிட்டு நீங்களே பேசுங்கள் என்றேன். இவர் அடைத்தார். ஒருவன் நீந்தினான், துடுப்பு தெரிந்தது. "ஏனுங்க தம்பி" என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் குரல் வரவில்லை. இரண்டாம் முறையும் "ஏனுங்க" என்றார். தலையைக் குனிந்துகொண்டார். பன்னிரண்டு வருஷத்தில் இவர் அழுது நான் பார்த்ததில்லை.

திரையில் சுறா வாயைத் திறந்தது. அப்போது பின்னால் நாற்காலியிலிருந்து ஒரு கட்டைக் குரல் வந்தது.

"ஏனுங்க, எல்லாரும் ஏன் என்னையவே மொறைக்கறீங்க? நான் என்னங்க பண்ணுனேன்? சினிமாவுல நாலு பேரைக் கடிக்கறது என்ற பொழப்புங்க. கோபில ஒரு டீச்சரம்மா இருக்கறாங்களாமா, சிரிச்சதுனாலதான் போச்சுன்னு நெனைச்சுட்டு இருக்கறாங்களாமா. அவங்ககிட்டச் சொல்லிப்போடுங்க. நானும் ஒண்ணும் பண்ணலை, அவங்களும் ஒண்ணும் பண்ணலை. செரீங்களா? இப்ப நகருங்க, எனக்குப் பசிக்குது."

அத்தை! கண்ணை டிவியை விட்டு எடுக்காமல், முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, சுறா வாயசைப்பதற்குச் சரியாகப் பேசி முடித்தார். அடுத்த நொடி கடக்.

இவர் வெடித்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். கை வயிற்றுக்குப் போகவில்லை, அப்படியே சோபாவில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். பாதியில் அது அழுகையாகி, மறுபடி சிரிப்பாகி, எது எது என்று எனக்கே தெரியவில்லை. அத்தை நிறுத்தவில்லை. மேயர், விஞ்ஞானி, படகோட்டி, நாய் எல்லோருக்கும் அவரே பேசினார். படம் முடிந்து மூன்று பேரும் ஆறின சோற்றைச் சாப்பிட்டோம்.

செப்டம்பர் 5, வெள்ளி

இன்று அத்தை ஊருக்குப் புறப்பட்டார். நானும் இவரும் வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். இவர் பையை ஏற்றி ஜன்னலோரமாக இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, தண்ணீர் பாட்டில் வாங்கப் போனார்.

அத்தை ஜன்னல் வழியாகக் குனிந்து, "அடுத்த வாட்டி எப்பன்னு முன்னாடியே சொல்லிப்போடு. ஒரு வாரத்துக்கு மின்னயே வந்தர்றேன்" என்றார்.

"அடுத்த வாட்டின்னு ஆருங்க அத்தை சொன்னது?"

"ஆரும் சொல்லலை. பெட்டில இன்னும் ரெண்டு கரு இருக்குதே, திங்கக்கெழமை டாக்டரம்மாவுக்குப் போன் போடுங்கன்னு நேத்து மத்தியானம் லோகுகிட்டச் சொல்லிட்டிருந்தியல்லோ, காதுல உளுந்துது. நான் தூங்கிட்டுத்தான் இருந்தேன்."

பஸ் கிளம்பிவிட்டது. கையை மட்டும் ஆட்டினேன்.

ஆமாம், சொன்னேன். நேற்றே சொன்னேன். இங்கே எழுதப் பயமாக இருந்தது, எழுதவில்லை.